பூட்டி வைத்த நாலு பிளக்

என் பட்டறை மேசையில் இரண்டாவது டிராயருக்கு மட்டும்தான் பூட்டு உண்டு. உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. வாடிக்கைக்காரர்களின் ஆர்சி புத்தகங்கள், பிளக் இடைவெளி அளக்கிற ஒரு ஃபீலர் கேஜ், நின்றுபோன ஒரு கைக்கடிகாரம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐந்து மாதம் போல அதற்குள் நாலு ஸ்பார்க் பிளக்குகளைப் பூட்டி வைத்திருந்தேன். பழைய பனியன் துணியில் சுற்றி, மேலே ரப்பர் பேண்டு போட்டு. யாரும் திருடிக்கொண்டு போகிற சாமான் இல்லை அது. என் சொந்தத் தங்கச்சி கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனசு ஆறிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பெரம்பலூரில் நாலு ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் பட்டறை. கார் மட்டும்தான் பார்ப்பேன். எனக்கு ஒரே தங்கச்சி, என்னைவிட ஆறு வயது சின்னவள். திருமழபாடிக்குப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எடைமேடை வேலை. கல்யாணமாகி எட்டாவது வருஷம் அவளுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யாமல் போய்விட்டன. கால் வீங்குகிறது என்று காட்டப் போனவளைத் திங்கள், வியாழன், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள். அரியலூருக்குக் கார் எடுத்துப் போய், நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருந்து, திரும்பி வர வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது கால் தரையில் நிற்காது. பஸ்ஸில் போய் வருகிற கதையே கிடையாது. அந்தக் காரை நம்பித்தான் அவள் உயிர் இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

மாப்பிள்ளைக்குக் கார் என்றால் பைத்தியம். வைத்திருந்தது பழைய பெட்ரோல் வண்டி, கம்பெனியே அந்த மாடலை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அதைத் துடைப்பதும், சத்தத்தை மாற்றுவதும், சக்கரத்தை மாற்றுவதுமாக இருப்பார். சென்னைப் பக்கம் ஒரு பழைய ஓடுதளத்தில் கால் மைல் ஓட்டப் போட்டி நடக்கும். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நின்று, விளக்கு பச்சையானதும் பறக்கும். பத்துப் பதினைந்து விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் போக வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. கோயம்புத்தூரில் யாரோ கழற்றிப் போட்ட நைட்ரஸ் கிட் ஒன்றை வாங்கிக்கொண்டு ஒருநாள் பட்டறைக்கு வந்து நின்றார். நீல பாட்டில், குழாய், இரண்டு வால்வு, ஸ்டியரிங் பக்கத்தில் வைக்க ஒரு சிவப்புப் பொத்தான். கூடவே தங்கச்சியும் வந்திருந்தாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். வீட்டில் இருக்கிற நிலைமைக்கு இந்தக் கூத்து தேவையா என்று முகத்தில் அடித்த மாதிரி கேட்டுவிட்டேன். தங்கச்சியின் புருஷனிடம் அப்படிக் கேட்கக்கூடாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு டயரைப் பார்த்தார். அவள்தான் என்னைக் கம்ப்ரசர் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"அண்ணே, போட்டுக் குடுத்துடு. வாரத்துல ரெண்டு நாள் என் கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூல போட்டுக்கிட்டு அந்த மெஷினயே பாத்துக்கிட்டு கெடக்கறாரு. அவருக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமே. எனக்கும் அத பாக்கணும்."

அவள் கேட்டால் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடிந்ததே இல்லை. அந்த ஒரு பொருளைத் தவிர.

நைட்ரஸ் என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. அந்த வாயு இன்ஜினுக்குள் போனால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். பொத்தானை அமுக்குகிற பத்து விநாடிக்கு வண்டிக்குப் பேய் பிடிக்கும். ஆனால் உள்ளே சூடும் அதே கணக்கில் ஏறும். அந்தச் சூட்டைத் தாங்குகிற பிளக் வேண்டும். பிளக்கின் நுனியில் வெள்ளைப் பீங்கான் மூக்கு ஒன்று இருக்கும். அந்த மூக்கு நீளமாக இருந்தால் சூடு அதிலேயே தங்கும், குட்டையாக இருந்தால் சட்டென்று இன்ஜினின் தலைப்பாகமான ஹெட்டுக்கு இறங்கிவிடும். நீளமானதை ஹாட் பிளக் என்போம், குட்டையானதைக் கோல்டு பிளக் என்போம். கம்பெனியில் போட்டு வருவது ஹாட். நைட்ரஸ் அடிக்கும்போது அது அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து நின்று, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தலையில் அடி விழும்.

அந்த அடி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்பு பாடாலூர்க்காரர் ஒருவருக்கு இதே மாதிரி கிட் போட்டுக் கொடுத்தபோது, பிளக் மாற்ற வேண்டாம், இருக்கிறதே போதும் என்று வாய்ச்சவடால் அடித்தேன். ஹைவேயில் இரண்டாவது தடவை பொத்தானை அமுக்கியதும் வண்டி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அவர் அந்தப் பிஸ்டனை என் மேசை மேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதை நான் தூக்கிப் போடவில்லை, பேனா சொருகி வைத்திருக்கிறேன். தினமும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டுதான் ஆர்டர் எழுதுவேன்.

அதனால் இந்தத் தடவை ஜாக்கிரதையாக இருந்தேன். ஜாக்கிரதை என்றால் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு நாள் பிளக் கம்பெனிகளின் அட்டவணைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சில கம்பெனிகளில் எண் கூடினால் கோல்டு, சில கம்பெனிகளில் எண் கூடினால் ஹாட். அதிலேயே பலர் தடுக்கி விழுவார்கள், நான் விழவில்லை. மரையின் நீளம் சரியாக இருக்கிறதா, நுனி முன்னால் நீட்டிக்கொண்டிருக்காத வகையா என்று பார்த்தேன். மாப்பிள்ளை வண்டிக்குப் போட்ட ஜெட், அதாவது வாயுவை அளந்து விடுகிற துளை, சின்னது, ஐம்பது குதிரைச் சக்திதான் கூடும். அதற்கு ஒரு படி கோல்டு போதும். கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த பழைய கை ஒருவர் போனில் அதையேதான் சொன்னார். ஒரு படி, அதற்கு மேல் போகாதே, தினமும் ஓட்டுகிற வண்டி என்று சொன்னார்.

நான் இரண்டு படி போட்டேன். திருச்சிக்குச் சொல்லி வரவழைத்து, இடைவெளியைக் குறுக்கி, ஒவ்வொன்றாகக் கையாலேயே முறுக்கி இறக்கினேன். ஒரு படி வண்டிக்கு, ஒரு படி என் பயத்துக்கு. மேசை மேலிருந்த பிஸ்டன்தான் அந்த இரண்டாவது படியைப் போட வைத்தது.

கோல்டு பிளக்குக்கு ஒரு குணம் உண்டு. வேகமாக, சூடாக ஓடுகிற வண்டியில் அது ராஜா. மெதுவாக ஊர்ந்தால் தன் மேல் படிகிற கரியை எரிக்கிற அளவுக்குக்கூட அது சூடாகாது. கரி அப்பும். அப்புறம் ஸ்பார்க் தாவ வேண்டிய இடத்தில் தாவாமல் கரி வழியாக ஒழுகிவிடும். வண்டி இடிக்கும், திணறும், ஒருநாள் நின்று போகும். ஒரு படியென்றால் சமாளிக்கலாம். இரண்டு படியென்றால் தினசரி ஓட்டத்துக்கு ஆகவே ஆகாது. போட்டிக்கு மட்டும் கோல்டு, வந்ததும் கழற்றி ஹாட் போடு என்பதுதான் முறை. நான் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் சொல்லவில்லை? வேலை முடிந்து வண்டியைச் சோதிக்க நானும் மாப்பிள்ளையும் ஹைவேயில் போனோம். நான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பாடாலூர் தாண்டிய நேர் ரோட்டில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் பொத்தானை அமுக்கிவிட்டார். என் பின்னந்தலை சீட்டில் மோதியது. அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! அப்பவே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மனுஷன் போட்டிக்கென்று காத்திருக்கமாட்டார், தோன்றுகிற இடத்தில் அமுக்குவார். ஹாட் பிளக் கிடக்கிற நாளில் அமுக்கினால் பிஸ்டன் போச்சு. இன்ஜின் போனால் திங்கள் கிழமைக்கு யார் வண்டியில் என் தங்கச்சி போவாள்? அதனால் கோல்டு பிளக் எப்போதும் அதிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். பழைய ஹாட் பிளக்குகள் அவர் கையில் கிடைத்தால், இடிக்கிறது என்று மாற்றிப் போட்டுக்கொண்டு பொத்தானையும் அமுக்குவார். ஆகவே அவற்றை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அந்த மாடலுக்கான பிளக் அரியலூர்க் கடைகளில் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

பாட்டிலைக் கழற்றி வைத்துக்கொண்டிருக்கலாமே என்று எவனும் கேட்பான். நானும் ஆயிரம் தடவை என்னைக் கேட்டுவிட்டேன். போட்டிக்குப் போகும்போது வந்து வாங்கிக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்று பாட்டிலை அல்லவா பூட்டியிருக்க வேண்டும்! எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளை கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்க முடியாது. பொங்கலுக்கு வேட்டி வைத்துக் கொடுப்போம், ஆடிக்கு அழைப்போம், அவர் வாங்கி வந்ததை உங்களுக்கு இது ஆகாது என்று எடுத்து வைத்துக்கொண்டால் அது காலத்துக்கும் பேச்சாகிவிடும். நான் ஏற்கெனவே ஒரு தடவை வாயை விட்டு அவரைத் தலைகுனிய வைத்தவன். கழற்றிப் போட்ட பிளக்கு யார் கண்ணுக்கும் தெரியாது. பட்டறையில் கழற்றிய பழைய சாமான் பட்டறையிலேயே கிடக்கிறது, அவ்வளவுதான். அவர் மரியாதையும் கெடவில்லை, இன்ஜினும் பத்திரம் என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தங்கச்சி கண்ணுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவள் என்னோடு வளர்ந்தவள். காலேஜ் போகிற காலத்தில் அவள் மொபெட்டுக்கு அவளே பிளக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவாள். எனக்காகக் காத்திருந்தால் கிளாஸ் முடிந்துவிடும் என்று கேலி பண்ணுவாள். வண்டியை எடுத்துக்கொண்டு போக வந்த அன்றைக்கு, பழைய பிளக் எங்கே என்று கேட்டாள். என்னிடம் இருக்கிறது என்றேன். மெதுவாகப் போனால் இது கரி பிடிக்குமே அண்ணே என்றாள். பிடித்தால் என்னிடம் கொண்டு வா என்றேன். அவள் விடவில்லை.

"எங்கிட்ட குடுத்துரு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போற பையில போட்டு வச்சுக்கறேன். அவரு கேட்டாலும் தர மாட்டேன்."

"நீ குடுத்துருவ. அவரு மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டா ஒனக்குத் தாங்காது."

அதற்கு அவள் சிரித்தாள். நான் கொடுக்கவில்லை. சாவியை மேல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவள் அதையும் பார்த்தாள்.

போட்டிக்கு நானும் போனேன். அதை மட்டும் எடுத்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு நாள் நன்றாக இருந்தது. டயாலிசிஸ் முடிந்த மறுநாள், அவளுக்கு உடம்பு இலேசாக இருக்கிற நாள். வெயிலில் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றாள். மாப்பிள்ளை மூன்று தடவை ஓட்டினார். இரண்டில் தோற்றார், ஒன்றில் ஜெயித்தார். ஜெயித்ததற்கு அவள் குதித்த குதியில் கையில் ஊசி போடுகிற இடத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குத்தான் பதைப்பு. ஒரு நாளைக்கு அவளுக்கு அளந்த தண்ணீர் இவ்வளவு என்று உண்டு. அன்றைக்கு அதில் பாதியைத்தான் குடித்தாள். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, "அண்ணே, அவரு மொகத்த பாரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நுனியில் ஒரு குறை கிடையாது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அதற்கப்புறம் மழைக்காலம் வந்தது. போட்டி இனிப் பொங்கலுக்குப் பிறகுதான். வண்டி ஊரிலிருந்து அரியலூருக்கும் அரியலூரிலிருந்து ஊருக்கும் மட்டும் ஓடியது. அந்த ரோட்டை ஓட்டியவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல் டிப்பர் லாரிகள் வரிசையாகப் போகும், முந்தவும் முடியாது, பின்னால் வெள்ளைத் தூசியைத் தின்றுகொண்டு இரண்டாவது கியரில் ஊர்ந்து போக வேண்டியதுதான். கோல்டு பிளக்குக்கு அதைவிட மோசமான ரோட்டை யாராலும் போட்டுக் கொடுக்க முடியாது.

மாப்பிள்ளை போன் பண்ணினார். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் இடிக்கிறது மச்சான் என்றார். ரயில்வே கேட், லாரி எல்லாம் தாண்டி நல்ல ரோட்டில் பத்து நிமிஷம் விரட்டுங்கள், கரி எரிந்துவிடும் என்றேன். எரிந்தது. பிறகு மறுபடி படிந்தது. மறுபடி போன் பண்ணினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்தார், நானே கழற்றிச் சுத்தம் பண்ணிப் போட்டேன். டிராயர் மூன்று அடி தூரத்தில் இருந்தது. அப்போதாவது மாற்றிப் போட்டிருக்கலாம். பழைய பிளக்கையே போட்டுடுங்களேன் மச்சான், பொத்தானைத் தொட மாட்டேன் என்று அவரே சொன்னார். நான் நம்பவில்லை. பொங்கல் வரைக்கும் தாங்கும் மாப்ள என்றேன். மூன்றாவது தடவை போன் வந்தபோது நான் ஒரு கியர்பாக்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். எரிச்சலில், விரட்டச் சொன்னேனே விரட்டினீர்களா என்று கத்திவிட்டேன். அவர் சரி என்று வைத்துவிட்டார்.

அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை அவர்கள் பங்காளி வீட்டில் காதுகுத்து. அவள் போயிருக்கிறாள். போகாமல் இருக்க முடியாது. நாலு பேரோடு உட்கார்ந்தால் எப்போதும் அளந்தே குடிக்கவும் முடியாது. ரசம், மோர், தர்பூசணி என்று அன்றைக்கு அவள் கொஞ்சம் கூடவே குடித்துவிட்டாள். அதற்காக அவளை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு டம்ளர் மோருக்கு ஆசைப்படுவது குற்றமென்றால் நாமெல்லாம் என்ன யோக்கியர்கள்?

வியாழன் காலையில் எழும்போதே அவளுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. தண்ணீர் நெஞ்சில் ஏறிவிட்டது. பத்து மணிக்குத்தான் அவளுக்கு மெஷின், இருந்தாலும் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். அரியலூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ரயில்வே கேட். மூடியிருந்தது, ஏழெட்டு லாரிக்குப் பின்னால் வண்டி நின்றது. ஊர்ந்து ஊர்ந்து ஏற்கெனவே இடித்துக்கொண்டிருந்த இன்ஜின் அங்கே நின்றபடியே திணறி அணைந்துவிட்டது. கேட் திறந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தபடி சுற்றிக்கொண்டு போயின.

எனக்குப் போன் வந்தபோது எட்டே முக்கால். மாப்பிள்ளை குரல் அடியோடு மாறியிருந்தது.

"மச்சான், வண்டி ஸ்டார்ட் ஆவல. இவளுக்கு மூச்சு வாங்குது. அந்தப் பழைய பிளக்க வண்டியில எங்கயாச்சும் வச்சிருக்கீங்களா?"

அது என்னிடம் இருக்கிறது என்று எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நூற்றெட்டுக்குப் போன் பண்ணுங்கள், வேறு எந்த வண்டியையாவது நிறுத்துங்கள் என்றேன். பண்ணிவிட்டேன், லாரி நெரிசலில் வர நேரமாகும் என்கிறார்கள், ஒவ்வொரு வண்டியாகக் கை காட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். பின்னால் அவள் இருமுகிற சத்தம் கேட்டது. மேல் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து டிராயரைத் திறந்தேன். துணி மூட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். முப்பது கிலோமீட்டர். அந்த ரோட்டில் நான் திட்டாத லாரிக்காரன் இல்லை, என்னைத் திட்டாத லாரிக்காரனும் இல்லை.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கார் மட்டும் ஓரமாகத் தள்ளி நிறுத்தப்பட்டிருந்தது. பானட் திறந்தபடியே இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் சாவியைக் கொண்டு வந்து கொடுத்தார். அந்த அம்மாவைத் தக்காளி ஏற்றி வந்த மினி வேனில் முன்னால் உட்கார வைத்துக் கொண்டு போனார்கள், போய்க் கால் மணி நேரம் இருக்கும், அதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒருத்தனும் நிறுத்தவில்லை சார் என்றார். படுக்க முடியாமல், சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள் என்றும் சொன்னார்.

நான் அப்படியே பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. டயாலிசிஸ் முடிந்து அவள் திரும்பி வர வண்டி வேண்டுமே என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். நாலு மணி நேரம் கழித்துக் கால் தள்ளாடி வருவாள், வாசலில் கார் நிற்க வேண்டும். ஸ்பேனரை எடுத்துப் பிளக்குகளைக் கழற்றினேன். அவற்றை யாரோ ஏற்கெனவே ஒரு தடவை கழற்றித் துடைத்து மாட்டியிருப்பது தெரிந்தது. பாதிக் கரி போயிருந்தது, மீதிக் கரி பெட்ரோலில் நனைந்து அப்பியிருந்தது. இந்த வண்டியில் பிளக் ஆழமான குழிக்குள் இருக்கும், நீளமான ஸ்பேனர் இல்லாமல் எட்டாது. டீக்கடையில் கேட்டு வாங்கியிருப்பார் மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். துணியைப் பிரித்து என் நாலு ஹாட் பிளக்கையும் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாவியைத் திருப்பினேன்.

முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு இடி இல்லை, ஒரு திணறல் இல்லை. வண்டி அவ்வளவு அழகாக ஓடி நான் கேட்டதே இல்லை. டீக்கடைக்காரர், "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டார். நான் இறங்கிப் பானட்டைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். மெஷின் இருக்கிற அறைக்கு வெளியே மாப்பிள்ளை சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் காலியாக இருந்தது. கையெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை. மெஷினில் போடுவதற்குள்ளேயே முடிந்துவிட்டது என்று அங்கேயிருந்த நர்ஸ் சொன்னாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். உடனே, இந்த வியாதியில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவர் நல்ல மனுஷன். இரண்டாவது சொன்னதை எனக்காகச் சொன்னார். நான் முதலில் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

என் தங்கச்சிக்கு அப்போது முப்பத்து நாலு வயது.

காரியத்துக்கெல்லாம் நான்தான் நின்றேன், பிறந்த வீட்டுக் கோடி எடுத்துப் போனேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் மோரையும் தர்பூசணியையும்தான் குறை சொன்னார்கள். வண்டி கேட்டில் நின்றது, அது விதி என்றார்கள். நான் வாயைத் திறந்து, விதி இல்லை, வண்டியை நிறுத்தியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சபையில் ஆவேசமாகப் பேசத் தெரிந்த எனக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை. தெரிந்த ஒரே மனுஷர் மாப்பிள்ளை. அவர் எதையும் சொல்லாமல் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் எல்லாரும் கலைந்த பிற்பகலில் அவர் உள்ளே போய் அவளுடைய ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வந்தார். பச்சை ரெக்சின் பை. இதை நீங்க வச்சுக்கங்க மச்சான் என்று என் மடியில் வைத்தார். அதில் டயாலிசிஸ் ஃபைல், ஒரு போர்வை, சின்னத் தண்ணீர் பாட்டில், பாதி தீர்ந்த பிஸ்கட் பாக்கெட் இருந்தன. அடியில் அவளுடைய வெள்ளைத் துண்டு. எடுத்துப் பிரித்தேன். துண்டில் நாலு இடத்தில் கறுப்பாக அப்பியிருந்தது. ஒவ்வொன்றும் கட்டை விரல் அகலம். துண்டுக்குள்ளே நீளமான ஒரு பிளக் ஸ்பேனர். புத்தம் புதியது. அந்த வண்டியின் குழிக்குச் சரியாக இறங்குகிற அளவு.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

"எப்ப வாங்கினான்னு எனக்கே தெரியாது மச்சான். அன்னிக்கு கேட்டுல நான் கையப் பிசைஞ்சிக்கிட்டு நிக்கறேன், அவதான் பையில இருந்து எடுத்துக் குடுத்தா. மூச்சு வாங்கிக்கிட்டே, அண்ணன்கிட்ட இன்னொரு தடவ பிளக்க கேட்டிருந்தா குடுத்துருக்கும்னு சொன்னா."

இன்னொரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? ஸ்பேனரைத் துண்டிலேயே சுற்றிப் பையில் வைத்தேன். இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.